இருபத்திரண்டு டிகிரிச் சாய்வு

வார்ப்படப் பட்டறைக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிறவனின் வேலை வெளியே யார் கண்ணிலும் படாது. பம்பு வாங்குகிறவர் இரும்பைப் பார்க்கிறார், வால்வு வாங்குகிறவரும் இரும்பைத்தான் பார்க்கிறார். அந்த இரும்புக்கு முன்பு அதே உருவத்தில் ஒரு தேக்குக் கட்டை இருந்தது, அதை மணலில் பதித்து உருவி எடுத்த பள்ளத்தில்தான் உலோகத்தை ஊற்றினார்கள் என்பது பட்டறைக்குள் நிற்பவர்களுக்கே தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாதிக் காலமும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையில் மீதிக் காலமும் அந்த வேலையைச் செய்துதான் குடும்பம் நடத்தினேன். இப்போது ஸ்க்ரோல் சா மிஷினில் மரக் கிண்ணம் செய்கிறேன். ரிடையரான பிறகு பொழுதுபோக்கா என்று கேட்கிறார்கள். பொழுதுபோக்கு இல்லை. பேட்டர்ன் வேலையில் கையில் ஏறிய கணக்குதான் கிண்ணத்திலும் ஓடுகிறது. அந்தக் கணக்கு தெரிந்த கைகளும் கிண்ணத்துக்கு வேண்டிய மரமும் எங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. கைகள் சும்மா இருக்கின்றன, மரம் சூளைக்குப் போகிறது.

வேலைக்குச் சேர்ந்தபோது மேஸ்திரி முதலில் உளியைத் தரவில்லை, ஸ்கேலைத் தந்தார். கன்ட்ராக்ஷன் ஸ்கேல் என்று பெயர். சாதாரண ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. வார்ப்பிரும்பு மீட்டருக்கு ஏறக்குறைய 10 மி.மீ., எஃகு ஏறக்குறைய 20 மி.மீ. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே மரத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதற்காக அந்த ஸ்கேலின் கோடுகளையே அகட்டிப் போட்டிருப்பார்கள். அடுத்த பாடம் டிராஃப்ட். மணலிலிருந்து பேட்டர்னை மேலே உருவும்போது மணல் சுவர் சரியக் கூடாது. அதற்காக, நேராக நிற்க வேண்டிய முகங்களையும் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை சாய்த்துச் செய்வோம். "தம்பி, சாய்வு குறைஞ்சா மோல்டர் திட்டுவான், கூடினா மிஷின் ஷாப்புல திட்டுவாங்க. ரெண்டு பேர் வாயிலயும் விழாம செய்யிறதுதான் பேட்டர்ன் வேலை" என்பார் மேஸ்திரி. மரத்தில் சாய்வு என்பது அலங்காரம் இல்லை, அதுதான் வேலை நடக்கும் வழி என்பது எனக்கு அப்போதே பதிந்துவிட்டது.

மூன்றாவது பாடம் வட்டம். பெரிய புல்லி, ஃப்ளாஞ்சு போன்றவற்றின் பேட்டர்னை ஒரே பலகையில் கடைந்தால் நிற்காது. மரம் ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில் நன்றாகச் சுருங்கும். ஐப்பசியில் வட்டமாக இருந்தது சித்திரையில் வட்டமாக இருக்காது. அதனால் வில் வளைவாகச் சின்னத் துண்டுகள் அறுத்து, ஒட்டி வளையமாக்கி, கீழ் வளையத்தின் மூட்டு மேல் வளையத் துண்டின் நடுவில் வரும்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவோம். வளையம் வளையமாக ஓர் உருவத்தை எழுப்புவது எனக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வேலை பிறகு மெல்லக் குறைந்தது. அலுமினிய பேட்டர்ன் வந்தது, சி.என்.சி.யில் குடையும் ரெசின் பலகை வந்தது, இப்போது மணல் அச்சையே நேரடியாக அச்சிடும் இயந்திரம் வந்துவிட்டது. ஒன்று இரண்டு வார்ப்பு மட்டும் வேண்டும் என்று வரும் சின்னப் பட்டறைக்காரர்கள் இன்னும் மரத்தைத் தேடுகிறார்கள். அதில் ஒரு ஆள் பிழைக்கலாம், நாலு பேர் பிழைக்க முடியாது.

பேட்டர்ன் ஷாப்பின் மூலையில் ஸ்க்ரோல் சா ஒன்று இருந்தது. பம்பின் வயிற்றில் புடைப்பாகத் தெரியும் கம்பெனிப் பெயரின் எழுத்துகள், கோர் பாக்ஸின் நெளிவான துண்டுகள் எல்லாம் அதில்தான் அறுபடும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் நூல் மாதிரி இழுத்துக் கட்டிய 127 மி.மீ. பிளேடு. கைகள் இரண்டும் இணையாக ஏறி இறங்க, பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். மரத்தைத்தான் நாம் திருப்ப வேண்டும். மெல்லிய ரம்பத்தைத் துளைவழியே விட்டு உள்ளுக்குள் அறுக்கும் வித்தை மிகப் பழையது. பதினான்காம் லூயி மன்னனுக்கு வேலை செய்த ஆந்த்ரே ஷார்ல் பூல், பாரிஸில் பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் ஒன்றாக அடுக்கி அப்படித்தான் அறுத்து மேசைகளில் பதித்தார். மைசூர் ஈட்டி மரப் பதிப்பு வேலையிலும் மெல்லிய ரம்பம்தான் பேசுகிறது. ஆனால் அதெல்லாம் தட்டை வேலை. ஆழமான ஒரு பாத்திரத்தை இந்த ரம்பத்தில் எடுக்க முடியும் என்பதை நான் பார்த்தது கரோல் ராத்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி 2010-இல் வெளியிட்ட புத்தகத்தில். பம்பு கம்பெனி இன்ஜினியர் ஒருவர் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். படங்களைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது டிராஃப்ட்தான்.

விஷயம் இதுதான். 20 மி.மீ. கனமுள்ள ஒரு பலகை. அதில் 200 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், அதற்குள் 8 மி.மீ. தள்ளி இன்னொரு வட்டம். இரண்டையும் நேராக அறுத்தால் ஒரு வளையமும் ஒரு வில்லையும் கிடைக்கும். வளையத்தை வில்லையின் மேல் வைத்தால் உட்காராது, வெளியே வழிந்து நிற்கும். அதே வட்டங்களை மேஜையைச் சாய்த்து, கீழே போகப் போக உள்ளே ஒடுங்கும்படி அறுத்தால் கதையே வேறு. வளையத்தின் அடிப்பக்க வெளிவிளிம்பும் வில்லையின் மேற்பக்க வெளிவிளிம்பும் ஒரே அளவுக்கு வந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். பயணத்துக்கு எடுத்துப்போகும் மடக்கு டம்ளரை இழுத்து நிமிர்த்துவது போல, தட்டையாகக் கிடந்த பலகை மேலே எழுந்துவிடும்.

எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்பதற்கு ஊகம் வேண்டாம். வளையத்தின் அகலத்தைப் பலகையின் கனத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு. 8-ஐ 20-ஆல் வகுத்தால் 0.4, அது ஏறக்குறைய 22 டிகிரி. பலகை 15 மி.மீ. என்றால் 28 டிகிரி. 25 மி.மீ. என்றால் 18 டிகிரி போதும், கிண்ணத்தின் சுவர் இன்னும் நிமிர்ந்து எழும். 20 மி.மீ. பலகையில் நாலு வளையமும் ஒரு அடித்தட்டும் எடுத்தால், 200 மி.மீ. வாய், 120 மி.மீ. அடி, 100 மி.மீ. உயரம் உள்ள கிண்ணம் வரும். ரம்பம் தின்னும் அரை மில்லிமீட்டர் கணக்கில் கொஞ்சம் கழியும், அவ்வளவே. கடைசலில் இதே கிண்ணத்தைச் செய்ய 200 மி.மீ. விட்டம், 100 மி.மீ. உயரத்துக்கு முழுக் கட்டை வேண்டும், அதில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் விழும். இங்கே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான சதுரப் பலகை போதும். மரம் அருமையாகிவிட்ட காலத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வித்தை பரவ வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு டிகிரி தவறினால் என்ன ஆகும்? 21 டிகிரியில் அறுத்தால் ஒவ்வொரு மூட்டிலும் ஏறக்குறைய 0.3 மி.மீ. படி நிற்கும். கேட்கச் சின்ன அளவு. ஐந்து அடுக்கிலும் சுற்றிச் சுற்றி அதை உப்புத்தாளில் தேய்த்து இறக்கியவனுக்குத்தான் அதன் பெரிசு தெரியும். மிஷினில் ஒட்டியிருக்கும் டிகிரி அளவை நம்பவே கூடாது. ஒரு கழிவுத் துண்டைச் சாய்த்து அறுத்து, அறுத்த முகத்தில் பெவல் புரொட்ராக்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் நல்ல மரத்தை மேஜையில் ஏற்றுவேன்.

மேஜையை இடப்பக்கம் தாழ்த்திவிட்டு, வெட்டை வலஞ்சுழியாகக் கொண்டுபோக வேண்டும். உட்பகுதி எப்போதும் பிளேடுக்கு இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். திசை மாறினால் சாய்வு தலைகீழாகிவிடும், வளையம் அடுத்ததில் உட்காராது. என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு மேஜை மேலேயே பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுத் தருகிறேன்.

உள்வட்டத்தை அறுக்க பிளேடு நுழையத் துளை வேண்டும். அந்தத் துளையும் அதே 22 டிகிரியில் சாய்ந்திருக்க வேண்டும். நேராகப் போட்டால் பிளேடு அதற்குள் வளைந்து நிற்கும், வெட்டின் தொடக்கத்திலேயே வளையத்தில் வடு விழும். ஒரு மரக்கட்டையின் முகத்தை 22 டிகிரியில் அறுத்து வைத்துக்கொண்டு, டிரில் பிட்டை அதன்மேல் சாய்த்து வட்டத்தின் மையத்தை நோக்கி இறக்குவேன். ஒன்றரை மி.மீ. துளை போதும். இங்கே மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைந்த மிஷின்கள் சில, இரு முனையிலும் குறுக்கே பின் வைத்த பிளேடை மட்டுமே பிடிக்கும். அந்தப் பின் நுழைய பெரிய துளை வேண்டும், அது கிண்ணத்தின் சுவரிலேயே தெரியும். முனையில் பின் இல்லாத வெறும் பிளேடைப் பிடிக்கும் மிஷினாகப் பார்த்து வாங்குங்கள். கிண்ணத்துக்கு 9-ஆம் எண் பிளேடு எனக்குப் பிடித்தது. கனத்த பலகையில் அதைவிட மெல்லியது வளைந்து, வெட்டின் முகம் பீப்பாய் மாதிரி புடைத்துவிடும்.

அறுக்கும்போது வலது கையால் திருப்புகிறோம், இடது கையால் தள்ளுகிறோம் என்று ஆரம்பத்தில் தோன்றும். கொஞ்ச நாளில் இரண்டு கையும் ஒன்றாகிவிடும். பிளேடின் பற்களை அடித்து எடுக்கும்போது ஒரு பக்கம் லேசான பிசிறு நிற்கும், அதனால் பெரும்பாலான பிளேடுகள் வெட்டைச் சற்று வலப்பக்கம் இழுக்கும். மரத்தைக் கோட்டுக்கு நேராகக் கொடுக்காமல் இரண்டு மூன்று டிகிரி திருப்பிக் கொடுத்தால் வெட்டு கோட்டில் போகும். தள்ளக் கூடாது, பல் தின்கிற வேகத்துக்கு மரத்தைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் பிளேடு பின்னால் வளையும், 22 டிகிரி எங்கோ போய்விடும். கடின மரத்தில் வெட்டு முகம் கருகாமல் இருக்க, பலகையின் மேல் அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை ஒட்டிவிட்டு அறுப்பேன். அதன் வழுவழுப்பு பிளேடில் ஏறிச் சூட்டைக் குறைக்கிறது. சிப்காட் பக்கம் அந்த டேப்புக்குப் பஞ்சம் இல்லை.

முதல் வளையம் வந்ததும் அடுத்த வட்டத்தைக் கவராயத்தால் போடக் கூடாது. வெட்டு எங்காவது மயிரிழை விலகியிருந்தால் கவராயத்துக்கு அது தெரியாது. வந்த வளையத்தையே மீதிப் பலகையின் மேல் வைத்து, அதன் உள்விளிம்பின் அடிப்பக்கத்தை ஒட்டிப் பென்சில் ஓட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு வளையமும் தனக்கு மேலே இருப்பதன் குணத்தை வாங்கிக்கொண்டு வரும், அடுக்கும்போது இடறாது. அறுக்கும் முன்பே பலகையின் மேலிருந்து கீழாக ரேகைவாக்கில் எல்லா வளையத்திலும் விழும்படி ஒரு கோடு போட்டுவைப்பது அவசியம். ஒட்டும்போது அந்தக் கோடுகளை ஒன்றுக்கொன்று நேராக வைத்தால், பலகையில் ஓடிய ரேகை கிண்ணத்தின் சுவரில் அப்படியே தொடர்ந்து ஏறும். பார்க்கிறவர்கள் எங்கே ஒட்டினீர்கள் என்று தேடுவார்கள்.

அழகுக்காக மட்டும் இல்லை அது. எல்லா வளையமும் ஒரே பலகையில் ஒரே ரேகைத் திசையில் வந்தவை, அதனால் மழைக்காலத்தில் எல்லாம் ஒரே பக்கம் பொங்கும், கோடையில் எல்லாம் ஒரே பக்கம் சுருங்கும். கிண்ணம் மயிரிழை நீள்வட்டம் ஆகலாம், மூட்டு திறக்காது. பேட்டர்னுக்கு நீள்வட்டம் ஆகக் கூடாது, அதனால் துண்டு போட்டோம். கிண்ணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அலங்காரத்துக்காக வளையங்களை ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே திருப்பி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கடலோரக் காற்றில் ஐப்பசியில் பொங்கி சித்திரையில் சுருங்கும் மரத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அழுத்தக் கருவி வாங்க வேண்டியதில்லை. இரண்டு பிளைவுட் பலகை, நாலு மூலையில் நீள போல்ட்டு, அவ்வளவுதான். முதலில் வளையங்களை மட்டும் ஒட்ட வேண்டும், அடித்தட்டை ஒட்டக் கூடாது. அடி திறந்திருந்தால்தான் உட்சுவரை மேலிருந்தும் கீழிருந்தும் தேய்க்க முடியும். உட்சுவர் முழுக்க வழுவழுப்பான பிறகே அடித்தட்டு. பசையை அளந்து தடவி, வழிந்ததை அது தோல் கட்டும் நேரத்தில் உள்ளேயிருந்து சுரண்டிவிட வேண்டும். காய்ந்தபின் சுரண்டினால் மரமும் சேர்ந்து வரும். பசையின் தடம் தங்கிவிட்டால் பாலிஷ் அங்கே ஏறாது.

தேய்ப்பதுதான் கிண்ணத்தின் பாதி வேலை, பொறுமையற்றவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். 60-இல் தொடங்கி 80, 120, 220, 320 என்று உப்புத்தாள் ஏற வேண்டும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தைய கீறல் பாலிஷ் போட்டபின் எழுந்து நிற்கும். வளைவு சரியாக வந்ததா என்பதைக் கண்ணால் பார்க்காமல், கண்ணை மூடிக் கட்டைவிரலை உள்ளே ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மணல் அச்சுக்குப் போகும் பேட்டர்னையும் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும், மணலுக்கும் தெரியும்.

வட்டமே செய்துகொண்டிருந்தால் இந்த மிஷின் எதற்கு? கடைசலால் முடியாததை இது செய்யும். பூவிதழ், நீள்வட்டம், மாங்காய், சதுரத்தில் முனை உருட்டியது எல்லாம் வரும். ஒரே ஒரு கணக்கு பார்க்க வேண்டும். நாலு வளையமும் அடித்தட்டும் போனால் விளிம்பு மொத்தம் 40 மி.மீ. உள்ளே ஒடுங்கும். வெளியே புடைத்திருக்கும் இதழின் வளைவு ஆரம் 40-க்குக் குறைவாக இருந்தால் கீழே வரும்போது அது கூர்முனை ஆகிவிடும். மாங்காயின் மூக்கு அப்படி ஆவதை நான் விரும்பிச் செய்கிறேன். இதழில் அது நன்றாக இல்லை, அங்கே வளையத்தைக் குறைத்துவிடுகிறேன்.

இனி மரம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் காட்டுப்பள்ளியிலும் இறங்கும் இயந்திரங்கள் மீஞ்சூர் வழியாக ஜி.என்.டி. ரோடு ஏறி எங்கள் பக்கம் வருகின்றன. அவற்றோடு வரும் மரப்பெட்டியும் பேலட்டும் திரும்பிப் போவதில்லை. காயலாங்கடையில் எடைக்கு விழும், அங்கிருந்து டீக்கடை அடுப்புக்கோ செங்கல் சூளைக்கோ போகும். அந்தப் பலகைகளில் கருக்கிய முத்திரை ஒன்று இருக்கும். சதுரத்துக்குள் ஒரு கோதுமைக் கதிர், பக்கத்தில் நாட்டின் இரண்டு எழுத்து, எண், கடைசியில் பதனம் செய்த முறை. 2002-இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதியின் அடையாளம் அது. ஒரு நாட்டுப் பூச்சி மரத்தில் ஏறி இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக வந்த விதி. எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏறியிருக்கிறது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு வாயு செலுத்தியிருக்கிறார்கள். எம்.பி. முத்திரையுள்ள மரத்தையும், முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ ரசாயனமோ ஊறியதையும் நான் தொடுவதில்லை. எச்.டி. போட்ட பைன், ஸ்ப்ரூஸ் பலகைதான் என் முதல் மரம். யூரோ பேலட் என்று வரும் 1200-க்கு 800 மி.மீ. அளவுள்ளதில் மேல் பலகை 22 மி.மீ. கனம். இழைத்தால் சரியாக 20-க்கு வரும். 145 மி.மீ.தான் அதிக அகலம், அதனால் இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டி 200 ஆக்கிக்கொள்வேன். இழைக்கும் முன் காந்தத்தால் ஒரு தடவை தடவிப் பார்ப்பது கட்டாயம். உள்ளே முறிந்த ஆணி ஒன்று இருந்தால் இழைப்பு மிஷினின் கத்தி போச்சு. எச்.டி. என்றால் பூச்சி செத்தது என்றுதான் அர்த்தம், ஈரம் போய்விட்டது என்று இல்லை. ஒரு கோடை முழுக்க நிழலில் பட்டி வைத்து அடுக்கி, அதன் பிறகே எடுக்கிறேன்.

"அண்ணே, சூளை வண்டி சாயங்காலம் வருது, அதுக்குள்ள வந்து பொறுக்கிக்குங்க" என்று காயலாங்கடைத் தம்பி போன் செய்வான். விறகு விலைதான் வாங்குவான். தொழிற்சாலையின் ஸ்டோர்காரர்கள் மனசு வைத்தால் அந்தப் பலகை கடைக்கு வரும் முன்பே பிரிந்துவிடும்.

பைன் வெளிறிய நிறம், கணு நிறைய. தனியாக அது சாதாரணம். ஆனால் பழைய தேக்குக் கதவின் துண்டை நடுவில் வைத்து மேலும் கீழும் பைன் ஒட்டி 20 மி.மீ. ஆக்கி அறுத்தால், சாய்வின் காரணமாகத் தேக்கு ஒவ்வொரு வளையத்திலும் அகலமான பட்டையாக விரிந்து தெரியும். கிண்ணம் முழுக்க ஐந்து செம்பட்டை ஓடும். மற்றபடி என் மனசுக்குப் பிடித்தது பூவரசு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் எங்கள் மாவட்டத்தில் சாய்த்துப்போட்ட மரங்களில் பூவரசும் இருந்தது. அதன் வைரம் சாக்லெட் நிறத்தில் ஊதா கலந்து இருக்கும், பிளேடுக்கு இதமாக வழிவிடும். பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுக்காரர்கள் இதே பூவரசை மைலோ என்றும், நம் புன்னையைக் கமானி என்றும் அழைத்து, உணவு வைக்கும் கிண்ணங்களை அவற்றில் குடைந்தார்கள். பழவேற்காடு பக்கம் குளக்கரையில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கிற மரங்கள் அவை.

செம்மரத்தில் செய்து தருவீர்களா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற மரம் அது. சேஷாசலக் காட்டில் அந்த மரத்துக்காகப் போன உயிர்கள் நம் பக்கத்து உயிர்கள். செய்ய மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

பாலிஷுக்கு நான் பேட்டர்ன் ஷாப்பில் பழகிய அவலரக்கைத்தான் பயன்படுத்துகிறேன். ஈர மணல் மரத்தில் ஏறாமல் இருக்க பேட்டர்னுக்கு அதைத்தான் பூசினோம். ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் நனைத்து, மெல்லிய பூச்சாக அடுத்தடுத்து ஏற்ற வேண்டும். பழம், பருப்பு, வெற்றிலை, பூ வைக்க அது நன்றாக இருக்கும். சூடான பண்டமும் தண்ணீரும் பட்டால் வெளுத்துவிடும். சாப்பாட்டுக்குப் புழங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஆளிவிதை எண்ணெய் ஊற்றித் தேய்த்து, காயவிட்டு, மேலே தேன்மெழுகு. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று வீட்டில் கேட்பார்கள். அது காயாது, நாளாக நாளாகச் சிக்குவாடை அடிக்கும். எந்தப் பூச்சு போட்டாலும் இந்தக் கிண்ணத்தில் சாம்பார் ஊற்றக் கூடாது, ஊற வைக்கக் கூடாது. துடைத்து வைத்தால் தலைமுறைக்கும் வரும்.

கவரப்பேட்டை, பொன்னேரி பக்கத்துப் பெண்கள் சிலர் வந்து கற்றுக்கொண்டார்கள். எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டவர்கள் தையல் மிஷினில் உட்கார்ந்து பழகியவர்கள்தான். ஊசி நின்ற இடத்தில் நிற்க, துணியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பது அவர்களுக்குப் பழக்கம். நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது சாய்வும் ரேகையும்தான். இந்த மிஷினின் பிளேடு வட்ட ரம்பம் மாதிரி மரத்தைத் தூக்கி எறியாது. விரலை வைத்தால் வெட்டும், ஆனால் வீட்டுத் திண்ணையில் வைத்துப் புழங்கக் கூடிய அளவுக்கு அடக்கமான மிஷின். பயப்பட வேண்டியது பிளேடுக்கு அல்ல, தூளுக்கு. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதன் பக்கத்து அறைகளிலும் வரும் நோய். எங்கள் காலத்தில் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு தேய்த்தோம், அது போதாது. என்-95 முகக்கவசம் இல்லாமல் என் பட்டறையில் யாரையும் உப்புத்தாளைத் தொட விடுவதில்லை, தேய்ப்பு மேஜை திறந்தவெளியைப் பார்த்துத்தான் இருக்கிறது.

விற்பனையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசல் கிண்ணத்தின் விலையை வைத்து இதைப் பேரம் பேசுகிறவர்களிடம் நான் இறங்குவதில்லை. பூம்புகார் போன்ற கைவினைக் கடைகளில் பித்தளைக்கும் தஞ்சாவூர்த் தட்டுக்கும் கிடைக்கிற மரியாதை இதற்கும் வர வேண்டுமானால், செய்கிறவன் தன் தேய்ப்பு நேரத்தைக் கணக்கில் சேர்க்கப் பழக வேண்டும். தொழிற்பேட்டைப் பயிற்சி நிலையங்களில் ஃபிட்டரும் டர்னரும் படிக்கிற பிள்ளைகளுக்கு டேன் அட்டவணை சொல்லித் தருகிறார்கள். அதை மரத்தில் ஒரு முறை அறுத்துப் பார்க்க வைத்தால், எதற்கு அது என்ற கேள்விக்கு அவர்கள் கையிலேயே விடை இருக்கும்.

கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ தேர்வாய் கண்டிகையிலோ ஸ்டோர் பார்க்கிறவராக நீங்கள் இருந்தால், பேலட்டை எடைக்குப் போடும் முன் அந்த முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருக்கும் பலகையை மட்டும் தனியே எடுத்து, மழை படாமல் சுவரோரம் சாய்த்து வையுங்கள், பக்கத்தில் இருக்கும் தச்சரிடமோ பயிற்சி நிலையத்திலோ சொல்லி அனுப்புங்கள். மரம் அறுக்கத் தெரிந்தவராக இருந்தால் 20 மி.மீ. பலகை, 8 மி.மீ. வளையம், 22 டிகிரி, மேஜை இடப்பக்கம் தாழ்வு, வெட்டு வலஞ்சுழி. இதை வைத்துத் தொடங்குங்கள்.